அட்சய திருதியையும் ஒரு முட்டி கருப்பணியும்

காலை எட்டரைக்கு அடகுப் பிரிவின் இரும்புக் கதவைத் திறப்பதற்குள் போனில் மூன்று விளம்பரங்கள் வந்துவிட்டன. யாழ்ப்பாணத்துக் கடை இரண்டு, வவுனியாக் கடை ஒன்று. அட்சய திருதியை அன்று ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்கினால் வருடம் முழுக்கச் செல்வம் குறையாதாம். நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் வன்னியில் யாரும் இந்த நாளைத் தேடி நகைக்கடைக்குப் போய் நான் கண்டதில்லை. இப்போது எங்கள் சந்தியிலும் பதாகை தொங்குகிறது.

நான் வேலை செய்வது ஒரு சிறிய கூட்டுறவு வங்கியின் நகை அடகுப் பிரிவில். உரைகல், அமிலக் குப்பி, மின்தராசு, சீட்டுப் புத்தகம். பதினான்கு வருடமாக இந்தப் பக்கத்துப் பெண்களின் கழுத்தையும் காதையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். நகை வாங்கும் நாள் என்று ஊர் சொல்லும் இந்த நாளில் எங்கள் கவுண்டருக்கு நகை வரும், போகாது. மாசியிலும் பங்குனியிலும் காலபோக நெல்லை விற்றவர்கள் மீட்டுக்கொண்டு போன காப்பும் சங்கிலியும், சித்திரையில் சிறுபோக வேலை தொடங்கியதும் அதே கடதாசிப் பையில் திரும்பி வரும். சில பைகளில் நான் போட்ட முடிச்சுக்கூட அவிழ்ந்திருக்காது.

பக்கத்து மேசைத் தங்கச்சி, "அக்கா, நீங்கள் இன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லையா?" என்று கேட்டாள்.

"வாங்கினேன். ஒரு முட்டி கருப்பணி."

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பகிடி இல்லை. முட்டியிலிருந்து வடித்த அந்தப் பதநீர் மேசைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கானில் இருந்தது.

இந்த நாளைப் பொன்னோடு சேர்த்துப் பார்க்க எனக்கு வராது. அதற்குக் காரணம் வந்தவாசிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்த ஓர் ஆச்சி.

1990இல் சண்டை மறுபடி மூண்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒட்டுசுட்டானிலிருந்து மடு, மடுவிலிருந்து மன்னார்க் கரை, அங்கிருந்து படகில் இராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து எங்களை ஏற்றிய பஸ் இரவு முழுக்க ஓடி, வெயில் ஏறிய பிறகு ஒரு பொட்டல் வெளியில் இறக்கிவிட்டது. அதுதான் அடுத்த பதின்மூன்று வருடத்துக்கு எங்கள் ஊர். நெல்லும் கரும்பும் கச்சானும் விளைகிற பூமி. கச்சானை, அதாவது நிலக்கடலையை, அங்கே மல்லாட்டை என்றார்கள். முதல் நாள் கூலிக்குப் போன அம்மா, 'மல்லாட்டை பிடுங்க வேண்டும்' என்று சொல்லப்பட்டு, எதைப் பிடுங்குவது என்று தெரியாமல் வரப்பில் நின்றிருக்கிறார். காணிக்காரர் ஒரு நயினார். அந்தப் பக்கத்தில் நயினார் என்றால் தமிழ்ச் சமணர்.

இதை அறிந்ததும் அப்பாவின் முகம் சுருங்கியது. எனக்கோ பயமே வந்துவிட்டது. எங்கள் சமய பாடப் புத்தகத்தில் சமணர் என்றால் அப்பரை நீற்றறையில் அடைக்கச் செய்தவர்கள், கல்லோடு கட்டிக் கடலில் போடச் செய்தவர்கள், சம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைத்தவர்கள். அனல் வாதத்திலும் புனல் வாதத்திலும் தோற்று, கழுவேறி, அத்தோடு பாடத்திலிருந்து மறைந்துபோனவர்கள். அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள், சைக்கிளில் வயலுக்குப் போகிறார்கள் என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் சம்பந்தரின் திருக்கேதீச்சரப் பதிகம் பாடுவார். நாட்டை விட்டு வந்தபின் அந்தப் பாட்டுத்தான் அவருக்கு மன்னாரும் வன்னியும். சம்பந்தர் பதிகங்களில் பத்தாவது பாட்டு சமணரையும் புத்தரையும் சாடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது, கேதீச்சரமும் விலக்கில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அப்பா பாடிக்கொண்டிருக்கும்போது நயினார் எங்கள் கொட்டிலுக்கு வெளியே வந்து நின்றார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், பாட்டுக் கேட்க வந்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்பா ஒன்பதாவது பாட்டை முடித்தார், ஒரு கணம் தயங்கினார், பதினொன்றாவதற்குப் போனார். நயினார் கண்ணைத் திறந்து, "ஒன்று விட்டுப்போயிற்றே ஐயா" என்றார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

அதன்பிறகு இருவரும் நண்பர்கள். சண்டை பிடிக்கிற நண்பர்கள். திருக்குறளின் ஆதிபகவன் தங்களுடைய ஆதிநாதர்தான் என்பார் அவர், அப்பா விடமாட்டார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சமணர் என்று அவர் சொன்ன அன்று மட்டும் அப்பா பேசவில்லை. அதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் அந்தச் சமண நூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர் எங்கள் ஆறுமுக நாவலர் என்பதை நயினார் சிரிக்காமல் நினைவூட்டியபோது, மறுமொழி சொல்ல என்ன இருக்கிறது?

நயினாரின் தாயாரைத்தான் நான் ஆச்சி என்றேன். "நான் என்ன செட்டிநாட்டுக்காரியா?" என்று சிரிப்பார். என்னை 'சிலோன் பெண்ணே' என்பார். கிணற்றில் அள்ளிய தண்ணீரை வெள்ளைத் துணி கட்டிய குடத்தில்தான் ஊற்றுவார். அதில் எனக்கு வியப்பில்லை, எங்கள் வீட்டிலும் குப்பை விழாமல் வடித்திருக்கிறோம். வியப்பு அதன் பிறகு நடப்பது. துணியை மெல்ல அவிழ்த்து, வடித்த தண்ணீராலேயே அலசி, அலசிய தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலேயே விடுவார். துணியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒட்டியிருக்குமாம், அவற்றுக்கு வீடு கிணறுதானாம். வீடிழந்து வந்த பிள்ளைக்கு இதைப் பார்க்க என்னவோ செய்தது.

ஆச்சி சூரியன் சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் என்று நான் வாயூறச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்.

சித்திரை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அந்த வீட்டில் கரும்புச்சாறு. வெல்லம் காய்ச்சும் ஆலையிலிருந்து, கொப்பரைக்குப் போகும் முன் அண்டாவில் பிடித்துக்கொண்டு வருவார்கள். முதல் வருடம் அந்த அண்டாவைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் இருந்தபோதுதான் ஆச்சி கதையைத் தொடங்கினார். சமண நூலான ஸ்ரீபுராணம் அவருக்கு ஏறத்தாழ மனப்பாடம். ஆனால் அதன் வடமொழி கலந்த மணிப்பிரவாள நடை எனக்கு வேண்டாம் என்று தன் வாய்மொழியிலேயே சொன்னார்.

சமணருக்குத் தீர்த்தங்கரர், அதாவது வழிகாட்டிய பெரியவர்கள், இருபத்துநான்கு பேர். எல்லோருக்கும் தெரிந்த மகாவீரர் கடைசி ஆள். முதலாமவர் ரிஷபதேவர், நயினார் சொன்ன ஆதிநாதர் இவர்தான், அயோத்தியில் நாபி மன்னனுக்கும் மருதேவிக்கும் பிறந்தவர். மனிதருக்கு உழவும் எழுத்தும் வாணிகமும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பது அவர்கள் மரபு. மகள் பிராமிக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார், சுந்தரிக்கு எண்ணை. அரண்மனையில் ஆடிக்கொண்டிருந்த நீலாஞ்சனை என்பவள் ஆட்டத்தின் நடுவிலேயே ஆயுள் முடிந்து மறைந்ததைப் பார்த்து, எல்லாவற்றையும் விட்டுத் துறவு கொண்டார். அவர் போகிறாரே என்று நாலாயிரம் அரசர்களும் கூடவே துறந்தார்கள். எதற்குத் துறக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ரிஷபர் ஆறு மாதம் உண்ணாமல் அசையாமல் நின்றார். நாலாயிரம் பேராலும் பசியைத் தாங்க முடியவில்லை. காட்டுக்குள் போய்ப் பழத்தையும் கிழங்கையும் பிடுங்கித் தின்றார்கள். "கிழங்கா?" என்று நான் கேட்டேன். "உன் ஆட்கள்தான்" என்றார் ஆச்சி.

ஆறு மாதம் கழித்து அவர் உணவுக்காக ஊருக்குள் இறங்கினார். கதை அங்கேதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. அவர்தான் உலகத்தின் முதல் துறவி. அதனால் துறவிக்கு என்ன கொடுப்பது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரோ பேசாநோன்பு, வாய் திறந்து கேட்கவும் மாட்டார். பழைய அரசர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாரே என்று சனங்கள் ஓடினார்கள். ஒருவன் யானையைக் கொண்டுவந்து நிறுத்தினான், ஒருவன் குதிரையை. பட்டு, இரத்தினம், தட்டு நிறையப் பொன். பெண்ணைக் கட்டித்தருகிறேன் என்று மகளையே அழைத்து வந்தவர்களும் உண்டு. அவர் ஒன்றையும் பாராமல் அடுத்த வாசலுக்குப் போனார். தங்களுக்கு எது பெரிதோ அதைத்தான் கொடுத்தார்கள். ஒரு பிடி சோறு கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படியே, துறவு கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின், அஸ்தினாபுரத்துக்கு வந்தார். அங்கே அரசன் சோமப்பிரபன். அவனுடைய தம்பி சிரேயாம்சன். ரிஷபரைப் பார்த்த மாத்திரத்தில் சிரேயாம்சனுக்கு முற்பிறவி ஞாபகம் வந்தது. அந்தப் பிறவியில் ரிஷபர் வச்சிரசங்கன் என்ற அரசன், சிரேயாம்சன் அவருடைய மனைவி சிரீமதி. இருவருமாக இரண்டு முனிவர்களுக்கு உணவு கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கிற முறை அப்படித்தான் அவனுக்கு நினைவுக்கு வந்தது. அந்த நேரம் வீட்டில் இருந்தது கரும்புச்சாறு. அவர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார், அவன் ஊற்றினான். அந்த நாள்தான் அட்சய திருதியை. அட்சயம் என்றால் குறையாதது. அவர்களுக்கு அது அந்தத் தானத்தின் பலன்.

"அத்தனை ஆண்பிள்ளைகள் பார்த்தார்கள், ஒருத்தனுக்கும் தெரியவில்லை. முன்னொரு பிறவியில் பெண்டாட்டியாக இருந்தவனுக்குத்தான் அவர் பசி தெரிந்தது" என்றார் ஆச்சி. இது ஸ்ரீபுராணத்தில் இருக்கிறதோ ஆச்சி சேர்த்ததோ, நான் கேட்கவில்லை.

சமணரின் இன்னொரு பிரிவான வடநாட்டுச் சுவேதாம்பரர்கள் இதே நாளை முன்னிட்டு ஒரு வருடத்துக்கு மேல், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணாதிருந்து, அஸ்தினாபுரத்திலோ குஜராத்தின் பாலிதானாவிலோ போய்க் கரும்புச்சாற்றோடு விரதத்தை முடிப்பார்கள். அவர்கள் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. ஏதோ ஒரு முற்பிறவியில் ரிஷபர் ஒரு களத்தைக் கடந்து போனாராம். சூடு மிதிக்கிற மாடுகள் நெல்லைத் தின்கின்றன என்று உழவன் அவற்றை அடித்துக்கொண்டிருந்தான். அடிக்காதே, வாயைக் கட்டிவிடு என்று இவர் புத்தி சொன்னார். வேலை முடிந்தபின் அவிழ்த்துவிடச் சொல்ல மறந்துபோனார். மாடுகள் பட்டினி கிடந்தன. அந்த வினைதான் இந்தப் பிறவியில் அவர் வயிற்றுக்கு வந்ததாம். ரிஷபம் என்றாலே எருது, அவருடைய சின்னமும் எருதுதான். மாட்டை நம்பி வாழ்ந்த சனத்துக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

இரண்டு வருடம் கழித்து, அதே நாளில் ஒரு திகம்பர முனிவர் அந்த ஊருக்கு வந்தார். பக்கத்துப் பொன்னூர் மலையில் பழைய சமண முனிவரான குந்தகுந்தாசாரியாரின் பாதம் இருக்கிறது என்று முனிவர்கள் வந்து தங்குவது வழக்கம். உடம்பில் ஒரு நூல் இல்லை. கையில் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும். எனக்குப் பதினைந்து வயது, தலையைத் தொங்கப் போட்டேன். "குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்" என்றார் ஆச்சி. அவர்கள் எல்லா வாசலிலும் கலசத்தோடு நின்று, 'நமோஸ்து, நமோஸ்து, திஷ்ட, திஷ்ட' என்று அழைத்தார்கள். முனிவர் மனதில் ஏதோ ஒரு குறி வைத்துக்கொண்டுதான் வருவாராம். அது எந்த வாசலில் பொருந்துகிறதோ அங்கே நிற்பார், எங்கும் பொருந்தாவிட்டால் அன்றைக்குப் பட்டினி. ஆச்சி வீட்டு வாசலில் நின்றார்.

அவர்கள் நாளுக்கு ஒரு தடவை, நின்றுகொண்டு, கையையே பாத்திரமாக்கி உண்பவர்கள். முதலில் கரும்புச்சாறு. ஆச்சி மூன்று தடவை வடித்திருந்தார். ஊற்றும்போது செம்பு நடுங்கியது. ஒரு துளி கீழே விழவில்லை. பிறகு மருமகள் சோற்றுக் கவளத்தை ஒவ்வொன்றாக வைத்தார். அவர் ஒவ்வொன்றையும் விரலால் பிரித்துப் பார்த்துத்தான் வாயில் இடுவார். மூன்றாவது கவளத்தில் ஒரு முடி. முனிவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிரித்துவிட்டார், அவ்வளவுதான். இனி மறுநாள்தான் சாப்பாடு.

மருமகள் தூணில் சாய்ந்து அழுதார். நானோ திண்ணையில் உறைந்துபோய் இருந்தேன். முதல் நாள் அந்த அரிசியைக் கல் பொறுக்கப் புடைத்துக் கொடுத்தவள் நான். அந்த முடி நீளமாக இருந்தது. என்னுடையதாக இருக்கலாம், மருமகளுடையதாகவும் இருக்கலாம். இன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஆச்சியும் அன்று சாப்பிடவில்லை. வெயில் சாய்கிற நேரம் என்னைக் கூப்பிட்டார். அண்டாவில் முக்கால்வாசிச் சாறு அப்படியே இருந்தது. "முகாமில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். விரலை மடித்து ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு நயினாரையும் வேலையாளையும் கூப்பிட்டு அண்டாவை மாட்டு வண்டியில் ஏற்றச் சொன்னார். அன்று முகாமில் எல்லோருக்கும் அரை டம்ளர் கிடைத்தது. அப்பாவும் குடித்தார்.

அப்பா 1999இல் அங்கேயே போய்விட்டார். 2003இல் நானும் அம்மாவும் ஊர் திரும்பினோம். போர்நிறுத்தத்தில் ஏ9 வீதி திறந்திருந்த காலம், எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் நம்பினோம்.

2009 பங்குனியில், போரின் கடைசி மாதங்களில், நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் மாத்தளனில் இருந்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். நகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது என் தொழில். அம்மாவிடம் இரண்டு காப்பு இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு பவுணுக்குக் குறையாது. முதலாவதைக் கொடுத்து இரண்டு கிலோ அரிசியும் ஒரு பைக்கற் பால்மாவும் வாங்கினோம். இரண்டாவதை நான் கொண்டுபோனேன். அரிசி வைத்திருந்த மனிதர் காப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பிள்ளை, இதை நான் என்ன செய்ய?" என்றார். அவரிடம் கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார். தறப்பாளுக்கும் பதுங்கு குழிக்கும் இடையில் நின்றுகொண்டு, யானையும் பொன்னும் வாசலில் நிற்க, கை ஏந்தியபடி ஒருவர் நடந்து போவது எனக்குத் தெரிந்தது.

திரும்பி வருகிற வழியில் அடுத்த பதுங்கு குழிக்காரப் பெண் அடுப்பு மூட்டியிருந்தார். முன்பின் அறியாதவர். என் கையில் இருந்த காப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "எத்தனை பேர் அக்கா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன். இரண்டு சிரட்டையில் கஞ்சி வார்த்துத் தந்தார். அரிசி, தண்ணீர், உப்பு. உப்புக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

அந்த இரண்டாவது காப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அடகு வைத்ததில்லை.

ஆச்சி இப்போது இல்லை. பேத்தி வருடந்தோறும் இந்த நாளில் கரும்புச்சாற்றைப் படம் எடுத்து அனுப்புவாள். வன்னியில் தைப்பொங்கல் முடிந்தால் கரும்பைக் காண்பதே அரிது, அதனால் நான் கருப்பணி வாங்குகிறேன். முதல் தடவை படம் அனுப்பியபோது, "அக்கா, இது கள் இல்லையே?" என்று பதறிவிட்டாள். உள்ளே சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கியது, புளிக்காது, நீங்கள் பதநீர் என்பதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம் என்று விளக்க வேண்டியதாயிற்று.

இன்று பதினொரு மணியளவில் முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஐயா வந்தார். மனைவியின் ஒரு சோடித் தோடு. உரைத்துப் பார்த்து, எடை போட்டு, சீட்டு எழுதுகிற நேரத்தில் ஒரு கிளாஸ் கருப்பணி ஊற்றி நீட்டினேன்.

"இதென்ன பிள்ளை, வங்கியில் கருப்பணி?"

"இன்றைக்கு ஒரு விசேஷம் ஐயா" என்று தொடங்கி, வரிசையில் வேறு யாரும் இல்லாததால் முழுக் கதையையும் சொன்னேன். யானை, குதிரை, பொன் எல்லாவற்றுக்கும் பேசாமல் தலையாட்டினார். களமும் மாடும் வந்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவிழ்க்கச் சொல்ல மறந்துபோனாரோ?"

"மறந்துபோனார்."

"நான் சூடு மிதிக்கிற காலத்தில் ஒரு நாளும் மாட்டின் வாயைக் கட்டியதில்லை. அது தின்பது எவ்வளவு, ஒரு சுளகு வருமா? இப்போது கட்டுவதற்கு மாடும் இல்லை, எல்லாம் மெசின்தான்." சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எழுந்தவர், கானை எட்டிப் பார்த்தார். "இன்னும் இருக்கிறதா பிள்ளை? வெளியில் சைக்கிளோடு பேரன் நிற்கிறான்."